அப்பாவின் நெற்றிக் கோடும் என் புருவக் கட்டியும்

அப்பா தாராவியில் ஒரு தோல் கிடங்கில் முப்பது வருடம் சுமை தூக்கினார். தோல் கட்டைத் தூக்கித் தோளில் ஏற்றும்போது மூச்சை அடக்கிப் பல்லைக் கடிப்பார். அந்த நேரத்தில் அவர் நெற்றியில் ஒரு கோடு எழும். முடி தொடங்கும் இடத்திலிருந்து கீழே இறங்கி, பாதி வழியில் கவட்டைக்குச்சி மாதிரி இரண்டாகப் பிரிந்து, இரண்டு புருவத்தின் உள்முனைக்கும் போகும். சின்ன வயதில் அதன் மேல் விரல் வைத்து விளையாடுவேன். அழுத்தினால் அமுங்கும், விட்டால் நிரம்பும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே நடுக்கம். "நரம்பு வெடிச்சிரப் போவுது, மெதுவாத் தூக்குங்க" என்பாள்.

அந்தப் பயத்துக்கு நாங்கள் செலவழித்தது கொஞ்சமில்லை. மருந்துக் கடையில் போய் நெற்றியில் 'நஸ்' வீங்குகிறது என்று இந்தியில் சொல்வோம். இந்தியில் ரத்தக் குழாயும் நஸ்தான், நரம்பும் நஸ்தான். தமிழிலும் அதே கதைதான். ஊசி போட வந்த சிஸ்டர் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தால் "நரம்பு கிடைக்கலையாம்" என்கிறோம். கால் மரத்துப் போனாலும் "நரம்புக் கோளாறு" என்கிறோம். கடைக்காரர் நரம்புக்கான வைட்டமின் மாத்திரையை எடுத்துக் கொடுப்பார். அப்பா அதை வருடக்கணக்கில் விழுங்கினார். கோடு அப்படியே இருந்தது. யாரோ பிரஷர் என்றார்கள். பார்த்தால் பிரஷர் சரியாக இருந்தது. அம்மா அதையும் நம்பவில்லை.

இவ்வளவு பயந்த குடும்பம், என் புருவத்தில் வந்த ஒரு கட்டிக்குத் துளிகூடப் பயப்படவில்லை. அதைத்தான் எழுத வந்தேன்.

சித்தி மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் புருவம் திருத்திக்கொண்டேன். நூல் போட்டு இழுத்த இடத்தில், இடது புருவத்தின் உள்முனையில், மறுநாளே சிவப்பாக ஒரு கொப்புளம். வெள்ளிக்கிழமை அது பட்டாணி அளவு கட்டியானது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த சித்தி பார்த்துவிட்டு, "ஏட்டி, சீழ் போனாத்தான் ஆறும், பிதுக்கிவிடு" என்றாள். சனிக்கிழமை ராத்திரி சேஃப்டி பின்னைத் தீயில் காட்டி, கட்டியின் முனையைக் குத்தி, இரண்டு விரலால் பிதுக்கினேன். கொஞ்சம் சீழ் வந்தது, ரத்தம் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுப் படுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் இமை கனத்தது. தெரு முனை கிளினிக்கில் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை காலையில் இடது கண்ணைத் திறக்க முடியவில்லை. 102 டிகிரி காய்ச்சல். கன்னமும் மூக்கின் பக்கமும் பளபளவென்று சிவந்து, தொட்டால் சுட்டது. ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே பார்த்த மருத்துவர், மராட்டியப் பெண், கட்டியைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. வீங்கிய இமையை இரண்டு விரலால் பிரித்தார். "என் பேனாவைப் பாருங்கள். மேலே, கீழே, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கண்ணை அசைக்கும்போது உள்ளே வலிக்கிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? சிவப்பு நிறம் இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி தெரிகிறதா?" என்று வரிசையாகக் கேட்டார். டார்ச் அடித்தார். பக்கவாட்டில் நின்று, கண் முன்னால் தள்ளியிருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் கேட்டார்: "பிதுக்கினீர்களா?"

ஆமாம் என்றேன். உடனே அட்மிஷன், சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கையில் டிரிப் வழியாக ஆன்டிபயாடிக். ஒரு புருவக் கட்டிக்கு இத்தனையா என்று அம்மா அழுதாள். மருத்துவர் அவளை உட்கார வைத்து, கேஸ் பேப்பரின் பின்பக்கம் ஒரு முகம் வரைந்தார். அன்றைக்குத்தான் அப்பாவின் நெற்றியில் இருப்பது என்ன என்றும் எங்களுக்குத் தெரிந்தது.

தமிழில் அதற்குச் சிரை என்று பெயர். உடம்புக்குக் கொடுத்த ரத்தத்தைத் திரும்ப இதயத்துக்குக் கொண்டுபோகும் குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுவருவது தமனி. அது துடிக்கும், சிரை துடிக்காது. நரம்பில் ரத்தமே ஓடாது, அது உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்துவது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் பேச்சில் எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிச் சொல்லி, படித்தது மறந்துபோயிருந்தது.

நெற்றியில் பக்கத்துக்கு இரண்டு முக்கியமான சிரைகள் இருக்கின்றன. உங்கள் விரலை வைத்தே பார்க்கலாம். உச்சி முடியிலிருந்து நடு நெற்றியை ஒட்டி இறங்குவது சுப்ராட்ரோக்ளியர் சிரை. இடது, வலது இரண்டும் சிலருக்கு ஒன்றாகச் சேர்ந்து, நடுவில் ஒரே கோடாக ஓடி, கீழே மறுபடி பிரியும். அப்பாவுக்கு அப்படித்தான். இன்னொன்று அதற்கு வெளிப்பக்கம், சுப்ராஆர்பிட்டல் சிரை. புருவத்துக்குக் கீழே கண்குழியின் மேல் விளிம்பைத் தடவினால், மூக்குப் பக்கமிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அந்தப் பள்ளத்தின் வழியாக இந்தச் சிரைக்குக் கண்குழிக்குள் ஒரு கிளை போகிறது. நெற்றி எலும்பின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே ஓடும் சிரையும் அந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. நெற்றிப்பொட்டுப் பக்கத்து ரத்தம் வேறு வழி. காதுக்கு முன்னால் இறங்கிப் போய்விடும்.

நடுச் சிரையும் வெளிச் சிரையும் கண்ணின் உள்மூலையில் சந்திக்கின்றன. அங்கிருந்து அதற்கு ஆங்குலர் சிரை என்று பெயர். மூக்கின் ஓரமாக இறங்கி, முகச் சிரையாகிக் கன்னத்தைக் கடந்து, தாடையைத் தாண்டிக் கழுத்தின் பெரிய சிரையில் விழும். ஒழுங்கான பாதை இது. ஆனால் கண்ணின் உள்மூலையில் இன்னொரு வாசலும் இருக்கிறது. அது கண்குழிக்குள் போகும் சிரையோடு சேர்கிறது. அந்தச் சிரை பின்னால் போய், மூளையின் அடியில் பிட்யூட்டரி சுரப்பியின் இரண்டு பக்கமும் இருக்கும் கேவர்னஸ் சைனஸ் என்ற ரத்தத் தேக்கத்தில் விழுகிறது. மூளைக்குப் போகும் பெரிய தமனி அதற்குள்ளேயே ஓடுகிறது. கண்ணை அசைக்கும் நரம்புகளும் அதன் வழியாகத்தான் போகின்றன.

"நீங்கள் பிதுக்கிய இடம் இந்த வாசலுக்குப் பக்கத்தில்" என்று பேனாவால் புள்ளி வைத்தார்.

இந்தச் சிரைகளில் வால்வே கிடையாது என்று பழைய பாடநூல்களில் எழுதியிருந்ததாம். பிறகு நுணுக்கமாகப் பார்த்தபோது சிலவற்றில் வால்வு இருப்பது தெரிந்தது. ஆனாலும் ஒன்றோடொன்று கோத்த குழாய்கள் என்பதால், அழுத்தம் மாறினால் ரத்தம் எதிர்ப்பக்கமும் போகும். தாராவிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் கட்டர், அதாவது சாக்கடை, எல்லாம் மித்தி நதிக்குப் போகிறது, மித்தி கடலுக்குப் போகிறது. கடல் ஏற்றத்தில் இருக்கும்போது மழை கொட்டினால், வெளியே போக வேண்டிய தண்ணீர் கட்டர் வழியாகவே வீட்டுக்குள் வரும். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அதைப் பார்த்தவள் நான். கட்டியை விரலால் நசுக்கும்போது, வெளியே வராத சீழுக்கும் கிருமிக்கும் அப்படி ஒரு எதிர்ப்பாதை கிடைக்கலாம். கிருமி ஏறி, கேவர்னஸ் சைனஸில் ரத்தம் உறைந்தால் கண் முன்னால் தள்ளும், பார்வை இரண்டாகும், ஒரு கண்ணில் தொடங்கியது அடுத்த கண்ணுக்கும் தாவும். ஆன்டிபயாடிக் இல்லாத காலத்தில் அப்படி ஆனவர்கள் பிழைத்தது அபூர்வம். இப்போது அது அரிதான நோய். அரிது என்றாலும், கண் இமை வீங்கிவிட்டால் ஒரு நாளைக்கூட வீணாக்கக் கூடாது என்றார்.

ஸ்கேனில், தொற்று கண்குழிக்கு வெளியிலேயே நின்றிருந்தது. ஆறு நாள் ஊசி, அப்புறம் மாத்திரை. ரத்தத்தில் சர்க்கரை 212 என்று அப்போதுதான் தெரிந்தது. சர்க்கரை இருப்பவர்களுக்குக் கட்டி அடிக்கடி வரும், சீக்கிரம் பரவவும் செய்யும். அடிக்கடி கட்டி வருகிறது என்றால் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள்.

அந்த ஆறு நாளில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் எதிர்க் கட்டிலில் இருந்தது. கல்யாண் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, எழுபதை நெருங்கியவர். மூக்கில் புற்றுநோய் என்று ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள். அந்தக் குழியை மூட அவருடைய நெற்றியிலிருந்தே ஒரு பட்டைத் தோலை எடுத்திருந்தார்கள். முழுசாக வெட்டி எடுக்கவில்லை. மேல் முனையையும் பக்கங்களையும் பிரித்து, புருவத்தின் உள்முனையில் மட்டும் ஒட்டியபடி விட்டு, அப்படியே திருப்பி மூக்கில் வைத்துத் தைத்திருந்தார்கள். பார்க்கப் பயமாக இருந்தது. நெற்றியிலிருந்து மூக்குக்கு ஒரு சதைப் பாலம். அந்த ஒட்டிய முனை வழியாகத்தான் தமனி ரத்தம் கொண்டுவரும், சிரை திருப்பி எடுத்துப் போகும். மூன்று வாரத்தில் மூக்குப் பக்கத்திலிருந்து புது ரத்தக் குழாய்கள் வளர்ந்துவிடும், அப்புறம் பாலத்தை வெட்டலாம்.

இந்த வைத்தியம் நம் பக்கத்தில் பிறந்தது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் பிடிபட்டு மூக்கறுபட்ட காவஸ்ஜி என்ற மாட்டு வண்டிக்காரருக்குப் புனே அருகில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்த பிறகுதான் ஐரோப்பிய மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். இதை எனக்குச் சொன்னது ராத்திரி ட்யூட்டி பார்த்த ஜூனியர் டாக்டர். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது.

பாட்டியின் மூக்கை சிஸ்டர் அடிக்கடி வந்து பார்ப்பார். விரலால் லேசாக அழுத்தி விடுவார், நிறத்தைப் பார்ப்பார், எழுதுவார். இரண்டாம் நாள் ராத்திரி டார்ச் அடித்தவர் சட்டென்று டாக்டரை அழைத்தார். நானும் எழுந்து பார்த்தேன். தோல் நாவற்பழ நிறத்துக்கு வந்திருந்தது. வெளுத்துச் சில்லென்று இருந்தால் ரத்தம் வரவில்லை என்று பொருள். இப்படி நீலம் பாரித்து, அழுத்திவிட்டதும் வேகமாக நிறம் திரும்பினால், வந்த ரத்தம் வெளியே போக வழியில்லை என்று பொருள். தலைக் கட்டு நழுவி, புருவத்து ஒட்டில் இறுக்கியிருந்தது. கட்டைத் தளர்த்தி, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார்கள். விடிவதற்குள் இளஞ்சிவப்பு திரும்பியது.

ரத்தம் வருவது மட்டும்தான் உயிர் என்று அதுவரை நினைத்திருந்தேன். போக முடியாத ரத்தத்தாலும் தோல் செத்துப்போகும் என்பதை அன்று ராத்திரி என் கண்ணால் பார்த்தேன். எனக்கும் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்தியே படுக்கச் சொல்லியிருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. நெற்றி இதயத்துக்கு மேலே இருப்பதால், நிமிர்ந்திருந்தால் ரத்தம் தானாகவே கீழே வடியும்.

வீட்டுக்குப் போகும் முன் அப்பாவைக் கூட்டிவந்து அந்த மருத்துவரிடம் காட்டினேன். மூச்சை அடக்கி முக்கச் சொன்னார். கோடு எழுந்தது. மூச்சை விடச் சொன்னார், இறங்கியது. "நல்ல சிரை, ஒன்றுமில்லை" என்றார். மூச்சடக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, தலையிலிருந்து இறங்கும் ரத்தம் கழுத்தில் தடைப்பட்டு நெற்றியில் தேங்குகிறது. கடல் ஏற்றத்தில் கட்டர் நிரம்புகிற அதே சங்கதி. அழும் குழந்தைக்கும், நாதஸ்வரம் ஊதுகிறவருக்கும், உச்சஸ்தாயி பாடுகிறவருக்கும், குனிந்து துணி துவைப்பவருக்கும் இதுதான். மே மாத வெயிலில், சூட்டை வெளியே விட தோலின் குழாய்கள் விரியும், அப்போதும் தெரியும். மெலிந்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் தோலடிக் கொழுப்பு குறைவு, அதனால் கூடுதலாகத் தெரியும். பிரஷர் மெஷின் அளப்பது தமனியின் அழுத்தத்தை. நெற்றியில் எழும் சிரையை வைத்து பிரஷரைச் சொல்ல முடியாது.

நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சு விட்ட பிறகும் இறங்காமல் நெற்றியும் கழுத்தும் புடைத்தே இருந்தால், கூடவே காலையில் முகம் உப்பினால், மூச்சு வாங்கினால், அது வேறு கதை. நெஞ்சுக்குள் பெரிய சிரையை ஏதோ அடைக்கிறது என்று பொருளாகலாம், தாமதிக்காமல் காட்ட வேண்டும்.

நெற்றிப்பொட்டில் பாம்பு மாதிரி நெளிந்து தெரிவதை எல்லாரும் நரம்பு என்பார்கள். விரல் வைத்துப் பாருங்கள். துடித்தால் தமனி. அது தெரிவதில் மட்டும் தவறில்லை. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, அந்த இடம் தடித்து, தலை சீவினால் வலித்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை நோவெடுத்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். தமனி அழற்சியாக இருக்கலாம், அதில் கண் பார்வையே போகக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கிரிக்கெட் பந்து பட்ட பையனுக்குச் சில வாரம் கழித்து அந்த இடத்தில் துடிக்கிற உருண்டை எழுந்தாலும் கையால் அமுக்கிப் பார்க்காமல் கூட்டிப் போங்கள்.

நெற்றி கிழிந்தால் ரத்தம் கொட்டும். அங்கே குழாய்கள் அதிகம், தலைத்தோலில் வெட்டுப்பட்ட குழாய் எளிதில் சுருங்கியும் மூடாது. ஆனால் பின்னால் எலும்பு இருக்கிறது, அது வசதி. சுத்தத் துணியை வைத்து எலும்போடு சேர்த்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்தினால் பெரும்பாலும் நிற்கும். காப்பிப் பொடி, மஞ்சள் எதுவும் அப்ப வேண்டாம். நெற்றியில் அடிபட்ட குழந்தைக்கு இரண்டாம் நாள் இமை கறுப்பதைப் பார்த்து எங்கள் சாலில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்பில், எத்தனை வீட்டில் அலறியிருக்கிறார்கள். நெற்றியில் கசிந்த ரத்தம் கீழே இறங்கி இமையில் தங்கியதாகவே அநேகமாக இருக்கும். வாந்தி, மயக்கம், அசதி இருந்தாலோ, இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுத்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிற என் மாமா பையன் நெற்றிக் கோடு அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டான். லேசரில் அடைக்கிறார்கள், சின்னத் துளை போட்டு இழுத்தும் எடுக்கிறார்கள். குழாயை அடைக்கும் மருந்தை ஊசியால் ஏற்றுவது மட்டும், கண்ணுக்குள் போகும் அந்த வாசலால், நெற்றியில் ஆபத்து கூடியது. தகுதியுள்ள தோல் மருத்துவரிடம் போய், இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவு செய் என்றேன். என் மனசில் பட்டதையும் சொன்னேன்: ஒன்றும் செய்யாத சிரையை விட்டுவிடு.

கட்டி விஷயத்தில் நான் இப்போது கண்டிப்பானவள். இரண்டு உதட்டோரத்திலிருந்து மூக்கின் மேல்முனை வரை ஒரு முக்கோணம் போட்டுக்கொள்ளுங்கள், புருவத்தின் உள்முனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் வரும் எதையும் குத்தாதீர்கள், பிதுக்காதீர்கள். மூக்கு நுனிக்குள் வரும் கொப்புளமும் அதில் சேர்த்திதான். சுத்தத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கிற சூட்டில் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு தடவை ஒற்றலாம். கண்ணருகே சுண்ணாம்பு கூடவே கூடாது. இமை வீங்கினால், காய்ச்சல் வந்தால், கண்ணை அசைத்தால் வலித்தால், பார்வை மங்கினால், தலைவலியோடு வாந்தி வந்தால் கிளினிக் களிம்போடு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போனதும் "பிதுக்கினேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அவர்களுக்கு நேரம் போகும்.

என் புருவ முனையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது அந்தப் பாட்டியையும் பார்த்தேன். பாலத்தை வெட்டியிருந்தார்கள். புது மூக்கில் மூக்குத்தி குத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா வேலையை விட்டுவிட்டார். ஆனால் தண்ணீர் வரும் நேரத்தில் டிரம்மை அவர்தான் நகர்த்துவார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார். மூச்சை அடக்கித் தள்ளும்போது கோடு எழுகிறது. அம்மா இப்போதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அவர் மூச்சை விட்டு நிமிர்ந்ததும் கோடு இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி தோசைக் கல்லின் பக்கம் திரும்பிவிடுகிறாள்.